கேப்டன் பரிதியின் துப்பாக்கி

நயினாரே,

கார்த்திகை தீபத்துக்குப் போட்ட கடைகளைத் தேரடி வீதியில் இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. நேற்று டியூட்டி முடிந்து வரும்போது, வளையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒருவன் தார்ப்பாயை விரித்துப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தான். சும்மா குனிந்து பார்த்தேன். கெட்டி அட்டை போட்ட ஒரு தொகுதி கண்ணில் பட்டது. கையில் எடுத்தால் பசை வாசனை இன்னும் போகவில்லை. அட்டையில் ‘நீலக்கலம் - முதல் பயணங்கள்’ என்று போட்டிருந்தது.

நடு வீதியில் அப்படியே தார்ப்பாய் ஓரம் உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னால் நீ சிரிக்கமாட்டாய். வேறு யாராக இருந்தாலும் சிரிப்பார்கள்.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கம் உனக்கும் எனக்கும் மனப்பாடம். நீலக்கலம் என்கிற விண்கலம் யாரும் போகாத ஒரு கிரகத்தில் இறங்கும். கதவு திறக்கும். அதன் தலைவன் கேப்டன் பரிதி படியில் இறங்கி வருவான். எதிரே அந்த ஊர்க்காரர்கள் ஈட்டியோடு நிற்பார்கள். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, ‘என் கையில் ஒன்றுமில்லை’ என்பான். அப்படித்தான் அந்தத் தொடர் ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு மாசமும், எந்தக் கிரகமானாலும், அவன் அப்படித்தான் இறங்கினான்.

இந்தப் புதுத் தொகுதியில், இடுப்பில் தொங்கிய துப்பாக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்குகிறான். கை விரிப்பதைக் காணோம். அந்த வாக்கியத்தையும் காணோம். அச்சுப்பிழையோ என்று அடுத்த கதையைப் பார்த்தேன், அதற்கடுத்ததைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் துப்பாக்கி. பின்னால் வந்த துப்பாக்கிக் கதைகளுக்குப் பொருந்த வேண்டும் என்று, முன்னால் வந்த கதைகளிலும் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறார்கள்.

“ஏம்பா, இது பழைய மாதிரி இல்லியே” என்றேன்.

“பழசுதாங்க சார். மொதமொத வந்த அதே கதைங்கதான். ஒரிஜினல்” என்றான் கடைக்காரன்.

அவனிடம் என்ன பேசுவது? வைத்துவிட்டு வந்துவிட்டேன். நம் திருவண்ணாமலையை மாவட்டத் தலைநகர் ஆக்கிவிட்டார்கள். புது ஆபீசுகள், புது ஆட்கள், நடக்க இடமில்லை. இத்தனை பேரில் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. அதனால்தான், நீ போய்ச்சேர்ந்து இத்தனை நாள் கழித்து, உனக்கே எழுதுகிறேன்.

நாம் பழகினதே அந்தத் தொடர் வந்த சிறுவர் பத்திரிகையால்தான். நான் அப்போது பஸ் ஸ்டாண்டில் தனியார் கம்பெனிக்கு டைம் கீப்பர். நீ மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்குக் கணக்குப்பிள்ளை. மெட்ராஸிலிருந்து வரும் காலை வண்டியின் கூரையில் பத்திரிகைக் கட்டு வரும். மாசப் பிறப்பை ஒட்டி நீ வந்து நின்றுகொண்டு வண்டியின் கூரையையே பார்ப்பாய். யாரோ மூட்டை எதிர்பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாசம் கட்டு நனைந்துவிட்டது. ஏஜென்டிடம் உருப்படியாக ஒரே ஒரு பிரதி மிஞ்சியது. அதற்கு நானும் கை நீட்டினேன், நீயும் கை நீட்டினாய். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற இரண்டு பேர், சிறுவர் பத்திரிகைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். ஏஜென்ட் நம்மை மாறிமாறிப் பார்த்தார்.

“பையனுக்குங்க” என்றேன் நான்.

“எனக்குத்தாங்க” என்றாய் நீ.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. ‘நீங்க படிங்க’, ‘இல்ல நீங்க படிங்க’ என்று கொஞ்ச நேரம் இழுத்தோம். கடைசியில் நீதான், “மண்டிக்கு வாங்களேன், எடை முடிஞ்சதும் உக்காந்து சேந்தே படிக்கலாம்” என்றாய்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் எடை வேலை ஓய்ந்ததும், மண்டியின் பின்கட்டில், அடுக்கிய மூட்டைகள் மேல் உட்கார்ந்து நீ சத்தமாகப் படிப்பாய். எதிர்க் கடைத் தையல்காரர் கபூர் பாய் கழுத்தில் டேப்போடு வந்து உட்காருவார். போட்டோ ஸ்டுடியோ சேகர், கல்யாணம் கில்யாணம் இல்லாத நாளில் வருவான். மல்லாட்டைத் தூசியில் நமக்கெல்லாம் தும்மல் வரும். உனக்கு மட்டும் வராது. கிரகத்துக்காரர்களுக்கு ஒரு குரல், பரிதிக்கு ஒரு குரல் என்று மாற்றிப் படிப்பாய். பரிதியின் குரல் உன்னுடையதேதான், கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வெயில் சாயத் தொடங்கினதும், எந்த வரியில் இருந்தாலும் புத்தகத்தை மூடிவிடுவாய். நீங்கள் ஜைனர்கள், இருட்டினபின் சாப்பிடுவதில்லை.

“இன்னும் ஒரு பக்கம், நயினாரே. கதவு தொறக்கப்போவுது” என்று சேகர் கெஞ்சுவான்.

“தொறக்கட்டும். வீட்ல சோறு வெச்சிருப்பா” என்று நீ எழுந்து போய்விடுவாய்.

உனக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு பெரிசு என்று எனக்கு எலி விவகாரத்தில்தான் புரிந்தது. மூட்டைகளில் எலி ஜாஸ்தியாகிவிட்டது என்று முதலாளி மருந்து வாங்கிக் கொடுத்து உருண்டை வைக்கச் சொன்னார். நீ முடியாது என்றாய். கத்தவில்லை, காரணம் சொல்லவில்லை. “அத மட்டும் வேற ஆளுகிட்ட சொல்லுங்க” என்றாய். முதலாளி மண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, “நயினாருக்கு எலியெல்லாம் பங்காளிங்கப்பா” என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம், நீ உள்ளே நுழையும்போதெல்லாம் யாராவது எலி மாதிரிக் கீச்சிடுவார்கள். நீயும் சிரித்துவைப்பாய்.

அப்போதுதான் ஒருநாள் என்னிடம் சொன்னாய்: “சின்ன வயசிலேர்ந்து கேக்கறேன் மாணிக்கம். பூச்சிக்குப் பயந்தவன், கோழைன்னு. கொல்லாதவன்னா கோழைதான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. எங்க கோயில்ல இருக்கற தீர்த்தங்கரருங்க கொல்லாத வீரனுங்கதான். ஆனா கல்லா நிக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தர் ராக்கெட் ஓட்டறத நான் இப்பதான் பாக்கறேன்.”

எனக்கும் ஒரு காரணம் இருந்தது, உனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் நிலம். கிணற்றுப் பங்குக்காகச் சித்தப்பா எங்கள் அப்பாவின் தோளில் அரிவாளால் வெட்டியவர். அப்பா பதிலுக்கு வெட்டவில்லை என்று ஊரே அவரைத்தான் ஏளனம் பண்ணியது. நான் வளர்ந்து பெரியவனாகிப் பதிலுக்கு வெட்ட வேண்டும் என்று அத்தைகள் சாப்பாடு போடும்போதே சொல்லுவார்கள். நான் ஊரை விட்டு வந்து பஸ் கம்பெனியில் சேர்ந்ததே அதனால்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு ஒருவன் படியிறங்கினால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பரிதி சும்மாவும் இருக்கவில்லை. அதுதான் விஷயம். பனி மிருகம் ஒன்று கலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும் கதை ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் அதைக் கொன்றுவிடலாம் என்பார்கள். பரிதி, கலத்தின் உலையை அவனே அணைத்துவிடுவான். எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று உட்கார்ந்திருப்பார்கள். சூடு இல்லையென்றதும் அது தானாக விலகிப் போகும். “கொல்றதவிட இதுக்குத்தாம்பா தைரியம் வேணும். குளுர்ல உக்கார்றதுக்கு” என்றார் கபூர் பாய். அவரே சொன்னார், அதையும் எழுதி வைக்கிறேன்.

பத்திரிகையை நடத்திய பெரியவர் இறந்துபோனார் என்று ஒரு மாசம் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அடுத்து அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். நமக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். அந்த வருஷங்களில் நம் ஊர்க் கொட்டகைக்கும் இங்கிலீஷ் படங்கள் வர ஆரம்பித்தன. வானத்தில் கப்பலும் கப்பலும் சுட்டுக்கொள்ளும். சேகர் மூன்று தரம் பார்த்துவிட்டு வந்து வாயாலேயே வெடித்துக் காட்டுவான். நாமும் போய்ப் பார்த்தோம். வெளியே வந்ததும், “நல்லாத்தான் எடுத்திருக்கான். நம்ம ஆளு வேற” என்றாய் நீ.

அதற்குச் சில மாசம் கழித்து வந்த இதழைப் பஸ் ஸ்டாண்டில் கட்டைப் பிரிக்கும்போதே பார்த்தேன். அட்டையில் பரிதி. கையில் துப்பாக்கி. காலடியில் பச்சை நிறத்தில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அட்டைக்காக ஏதாவது போடுவார்கள், உள்ளே வேறு மாதிரி இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு மண்டிக்கு எடுத்து வந்தேன். நீ அட்டையைப் பார்த்தாய். அதைப் பின்னால் மடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாய்.

பாதிக் கதை வரை ஒழுங்காகப் போயிற்று. அந்த ஊர்க்காரர்கள் வழியை மறிக்கிறார்கள். பரிதி கையை விரிக்கிறான். அவர்கள் நம்பவில்லை. ‘பேசிப் பேசி நான் களைத்துவிட்டேன்’ என்கிறான். அப்புறம் சுடுகிறான். ஒருவனை இல்லை. தெருவோடு, வீடுகளோடு. நீ அந்த வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாய்.

“படிங்க நயினாரே, இப்பதான் சூடு புடிக்குது” என்றான் சேகர்.

நீ புத்தகத்தை அவன் மடியில் வைத்தாய். “நீ படி. எனக்கு வாய் வரல.”

அவன் படித்தான். டுமீல், டமால் என்று வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு படித்தான். மூட்டைக்காரர்கள்கூட வந்து நின்று கேட்டார்கள். இத்தனை வருஷமாக ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள். முடிந்ததும் கபூர் பாய், “இவ்ளோ நாளு பேசிக்கினே இருந்தான். இன்னிக்குத்தான் ஒரு வேலை செஞ்சான்” என்றார். குளிரில் உட்கார்ந்திருப்பதே தைரியம் என்று சொன்ன அதே வாய்.

உனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, யாரோ சின்னப் பையனை எழுத விட்டுவிட்டார்கள் என்று நீ நிஜமாகவே நம்பினாய். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாய். போடுவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினாய். மரியாதையான கடிதம். பரிதியால் உனக்குக் கிடைத்ததையெல்லாம் சொல்லி, அவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கிவிடுங்கள் என்று கேட்டிருந்தாய். நடுவில் ஒரு வரி வந்தது: ‘இத்தனை வருடங்களில் இப்படி ஒரு பரிதியை நான் பார்த்ததே இல்லை.’ அதை மட்டும் இரண்டு தரம் படித்தாய்.

அடுத்த இதழில் வாசகர் பக்கத்தில், கட்டம் கட்டி, உன் பேரும் நம் ஊர்ப் பேரும் போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்திருந்தார்கள். பின்னால் ஓர் ஆச்சரியக்குறி. மேலே ‘இம்மாதப் பரிசுக் கடிதம்’. பரிசு, ஒரு வருடச் சந்தா இலவசம்.

ஒரு எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. முன்னாலும் பின்னாலும் வெட்டினார்கள், அவ்வளவுதான். உன் வாயால் அந்தக் கொலையைப் பாராட்ட வைத்துவிட்டார்கள்.

சேகர் வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினான். “பாத்தீங்களா, கடைசில உங்களுக்கும் புடிச்சிருச்சி.” மண்டி முதலாளி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எலியக் கொல்லமாட்டாரு. ஊரையே கொளுத்துனா பரிசு வாங்குவாரு” என்றார். அதைக்கூட நீ தாங்கினாய். அந்த வாரம் வந்தவாசிப் பக்கத்தில் உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனபோது, பெரியவர்கள் மத்தியில் உன் மாமனார் கேட்டாராம், “துப்பாக்கி சுடறதப் பாராட்டி எழுதியிருக்கியாமே?” என்று. நீ விளக்கம் சொல்ல ஆரம்பித்தாய். ஒரு கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு விளக்கமா என்று அவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது உன் முகம் கறுத்திருந்தது. “ஏளனம் பண்ணா பரவால்ல மாணிக்கம். நான் எழுதாதத எழுதினேன்னு சொல்றாங்களே” என்றாய்.

மெட்ராஸுக்குப் போய் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று சொன்னது நான். எங்கள் கம்பெனி வண்டியிலேயே போனோம். உன் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வழியெல்லாம் நீ ஆசிரியரிடம் என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாய். எழுத்தாளரைப் பார்க்கக் கிடைத்தால் என்ன செய்வது என்பதுதான் உனக்குப் பெரிய கவலை. “கால்ல விழுந்துடுவேனோன்னு பயமா இருக்குது” என்றாய்.

அச்சகத்துக்கு மேல் மாடியில் ஆபீஸ். புது முதலாளி நம்மைவிடச் சின்னவர். நல்ல மரியாதை. உட்கார வைத்து காபி கொடுத்தார். நீ இதழைப் பிரித்துக் காட்டி, நான் எழுதியது இதில்லை என்றாய்.

“நீங்க எழுதாதத ஒரு வார்த்தை போட்டிருக்கமா சார்?”

“இல்லீங்க. ஆனா...”

“இடம் கம்மி சார். எல்லாருதையும் சுருக்கித்தான் போடறோம். திருவண்ணாமலைலேர்ந்து ஒருத்தர் பேர் வந்திருக்கு, சந்தோஷப்படுங்க.” அப்புறம் நம் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். “எழுத்தாளர் உள்ளதான் இருக்காரு. பாத்துட்டுப் போங்க.”

பின்னறையில் ஜன்னல் ஓரமாக அவர் எழுதிக்கொண்டிருந்தார். வேட்டி, மேலே துண்டு, மேஜையில் பொடி மட்டை. இவர் பேரைத்தான் நாம் பத்து வருஷமாக அட்டையில் படித்தோம். நீ காலில் விழவில்லை. கைகூப்பிக்கொண்டு நின்றாய். அவர் நல்ல மனிதர்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“ஐயா, பரிதி கையில துப்பாக்கி குடுத்துட்டீங்களே” என்றாய்.

“குடுக்கலப்பா. திருப்பிக் குடுத்தேன்” என்றார்.

நமக்குப் புரியவில்லை. அவர் பொடியை உதறிவிட்டு, சாவகாசமாகச் சொன்னார். “முதல் கதையிலயே அவன்கிட்ட துப்பாக்கி இருந்துது. பெரியவர்தான் எடுக்கச் சொன்னார். பள்ளிக்கூட லைப்ரரிக்கெல்லாம் அப்ப இந்தப் பத்திரிகை மொத்தமா போயிண்டிருந்தது. சுடறது கிடறது இருந்தா வாங்கமாட்டான்னார். சரின்னு எடுத்துட்டேன். கையில என்னமோ இருக்கணுமேன்னுதான், ஒண்ணுமில்லைன்னு காட்ட வெச்சேன்.”

“பள்ளிக்கூடத்துக்காகவா?” என்றாய் நீ.

“வேற எதுக்கு? பத்து வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாசாமாசம் சண்டை வர்ற இடத்துக்கு வந்து நிப்பேன். சுடக் கூடாது. வேற என்ன பண்றதுன்னு தலையப் பிச்சிண்டு எழுதுவேன். இப்ப பள்ளிக்கூடத்துக்குப் போறது நின்னுபோச்சு. பையன், உங்க இஷ்டப்படி எழுதுங்கன்னுட்டான். இப்பதான் நிம்மதியா எழுதறேன்.”

நீ விடவில்லை. “பனி மிருகம் கதை எழுதினீங்களே ஐயா. உலையை அணைச்சிட்டுக் குளிர்ல உக்காந்திருப்பாங்களே.”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “அப்படி ஒண்ணு எழுதினேனா? இருக்கும். அவசரத்துல எழுதிக் குடுத்திருப்பேன்.”

நீ திரும்பவும் கைகூப்பினாய். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய்.

நேற்று அந்தக் கடைக்காரன் சொன்ன ‘ஒரிஜினல்’ ஒரு வகையில் சரிதான் பார். முதலில் இருந்ததைத்தான் திரும்ப வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்ததுதான் திருத்தப்பட்ட பிரதி.

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாய். மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம். திண்டிவனத்தில் வண்டி நின்றது. சாப்பிடு என்றேன். அப்புறம் என்றாய். செஞ்சிக் கோட்டை தெரியும்போது வெயில் மலைக்கு மேலே நின்றது. “பொழுது போவுது, ரெண்டு வாயாச்சும் போட்டுக்க” என்றேன். நீ மலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெயில் இறங்கிவிட்டது. இனிமேல் மறுநாள் காலை வரை நீ சாப்பிடப்போவதில்லை. பொட்டலத்தை என்னிடம் நீட்டினாய்.

“அப்போ நாம இத்தனை வருஷமா யாரைப் படிச்சோம், மாணிக்கம்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “அந்தாளு என்ன நெனச்சி எழுதினா என்ன? நமக்குக் கெடச்சுது இல்ல?”

“கெடச்சுது” என்றாய். “சில்லறையைத் தப்பா எண்ணிக் குடுத்தவன்கிட்ட கூடக் கொஞ்சம் கெடச்ச மாதிரி.”

அதோடு நீ படிப்பதை நிறுத்திவிட்டாய். பரிதியை மட்டும் இல்லை, கதை என்று எதையுமே. இலவசச் சந்தா மட்டும் ஒரு வருஷம் தவறாமல் வந்தது. சுற்றின காகிதத்தில் உன் பேர் அச்சடித்து, மண்டி விலாசத்துக்கு. நீ பிரிக்காமலேயே சேகரிடம் கொடுப்பாய்.

நான் வாங்குவதை விடவில்லை. அதற்காக நீ என்னைக் கோபிக்கவில்லை, ஆனால் ஒருநாள் கேட்டாய், “இன்னாத்துக்கு வாங்கற?” என்று. “எப்பனா திருந்துவான்னுதான்” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது எனக்கு. ஒவ்வொரு மாசமும் கட்டைப் பிரிக்கும்போது, இந்த முறை கீழே போட்டுவிடுவான் என்று பார்ப்பேன். அவனுக்கு இரண்டாவது துப்பாக்கி வந்தது. அவனைப் போலவே ஒரு இரட்டையன் வந்தான். ஒரு மகாராணியைக் கடத்திக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். செத்தான், பிழைத்தான், மறுபடி செத்தான். பிடிக்காத ஒன்றை மாசாமாசம் வாங்கிக்கொண்டு வந்து ஒரு வரி விடாமல் படிப்பது என்ன வியாதி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

யாருக்காகத் துப்பாக்கி வைத்தார்களோ, அவர்களாவது நின்றார்களா? பெரிய தெருவில் வீடியோ கடை வந்ததும் சேகர் போய்விட்டான். மூட்டைக்காரர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். கபூர் பாய் மட்டும் கொஞ்ச நாள் வந்தார். பிறகு அவரும், “முன்ன மாரி இல்லப்பா” என்றார். நானும் நீயும் அதைச் சொன்னபோது அவருக்குக் காது கேட்கவில்லை. கடைசியில் பத்திரிகையே நின்றுபோயிற்று. நம்மை விரட்டிவிட்டு யாரைக் கூப்பிட்டார்களோ, அவர்களும் இல்லை.

உனக்கு மஞ்சள் காமாலை என்றார்கள் முதலில். அப்புறம் ஈரல் என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நீ ஊருக்கே போய்விட்டாய். நான் வந்தவாசி வண்டியைப் பிடித்து வந்து, அங்கிருந்து நடந்து வந்தேன். மத்தியான வெயில். உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாய். கண்ணெல்லாம் மஞ்சள். குரல் மட்டும் மாறவில்லை.

உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “ராத்திரி பரவால்லீங்க அண்ணா. பகல்தான் தள்ள மாட்டேங்குது அவருக்கு. விட்டத்தயே பாத்துக்கினு இருக்கார். ஏதாச்சும் பேசிக்கினு இருங்க.”

அதற்காகத்தான் நான் ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். உன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“கதை ஒண்ணு சொல்லட்டுமா?”

“எது?”

“பரிதிக்குக் காய்ச்சல் வருமே. கலத்துக்கு வெளிய மணல்ல கெடப்பானே, அது.”

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு லேசாக அசைந்தது. அந்தக் கதையின் முதல் வரியைத்தான் சொல்கிறாய் என்று நினைத்து நான் ஆரம்பிக்கப் போனேன். கையைத் தூக்கித் தடுத்துவிட்டாய்.

“வேணாம் மாணிக்கம்.”

“ஏன், நல்லாத்தான இருக்கும்.”

“நல்லாத்தான் இருக்கும். அந்தப் பொம்பளை தண்ணி எடுத்துக்கினு வருவா. உடனே எனக்குத் தோணும், இத எதுக்கு வெச்சான், யாரு வெக்கச் சொன்னாங்கன்னு. கேக்க முடியாதுப்பா என்னால.”

அப்புறம் நாம் மல்லாட்டை விலை பேசினோம். பஸ் கட்டணம் பேசினோம். வெயில் சாய்ந்ததும் உன் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். பொழுது இருக்கும்போதே இரண்டு வாய் குடித்தாய். நான் கிளம்பினேன். அடுத்த வாரம் தகவல் வந்தது.

பரிதி எத்தனை துப்பாக்கி வைத்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை, நயினாரே. அவன் அவர்களுடைய சரக்கு. அந்த எழுத்தாளரையும் நான் இப்போது வைவதில்லை. ஆனால் சாகக் கிடந்த ஒருவனுக்கு ஒரு மத்தியானத்தைத் தள்ளிவிட ஒரே ஒரு கதை இருந்தது. அதையும் கேட்க முடியாதபடி அவனைப் பண்ணிவிட்டார்கள். அது யார் கணக்கிலும் வராது. எழுதி எங்கே அனுப்பினாலும், அதிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பாராட்டாகப் போட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்குச் சொல்வதற்கென்று வண்டியில் வரும்போதே மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எங்கே நிறுத்துவது, எங்கே உன்னை மாதிரிக் குரலை இறக்குவது என்றெல்லாம். பரிதி காய்ச்சலில் மணலில் கிடக்கிறான். அந்த ஊர்க்காரர்கள் அவனுக்குப் பயந்து தூரத்தில் நிற்கிறார்கள். மறுநாள் கொஞ்சம் கிட்டே வருகிறார்கள், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒருத்தி மண்சட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவனை நோக்கி நடக்கிறாள். வேறு ஒன்றும் கிடையாது, அதுதான் கதை.

சில நாள், வண்டி வராமல் டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது, உனக்குச் சொல்கிற மாதிரி அதை ஆரம்பிக்கிறேன். எல்லாம் சரியாக வருகிறது. அவள் கிளம்புகிற இடம் வந்ததும் நீ கேட்டதை நானும் கேட்டுவிடுகிறேன். யார் அனுப்பினார்கள் இவளை என்று. சட்டியோடு அவள் வழியிலேயே நின்றுவிடுகிறாள்.

மாணிக்கம்